கம்பம் நாட்டிய வரலாறு

இம்மலரின் தமிழ்ப் பகுதிக்கு யாதேனும் ஒன்று எழுதி விடுக்குமாறு ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தபொழுது, எழுதத்தக்க பொருள் யாதும் எம்மிடம் இல்லை என்றே விடை எழுத முதலில் எண்ணினோம். 1997 ஆம் ஆண்டு முதல் வட அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் வாழ்ந்து வரும் ஒருவன் நயாகரா அருவியைப் பற்றியோ, பனிக்காலத்தைப் பற்றியோ எழுதுவான் என்று வாசகர் எதிர்பார்த்தல் இயல்பே. அவற்றைப் பற்றி எம்மினும் நன்றாக எழுதியோர் பலர் உளர். ஆதலின், எமது இல்லத்து மோட்டார்க் கொட்டகையில், வண்டியைத் தூக்கும் கம்பங்கள் இரண்டினை நாட்டிய வரலாற்றை எழுதத் துணிந்தோம். பொருள் சிறிதாயினும் பௌதிகம் பயில்வோர்க்கு ஓரளவு பயன்படக்கூடும். அன்றியும், எம் தம்பியைப் பற்றி எழுதுவதற்கு வேறு வாய்ப்பு எமக்கு வாய்த்ததில்லை.

முதற்கண் அக்கருவி யாதென்று கூறுவோம். மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தைப் பழுது பார்ப்பதற்கு, நிலத்திற் பள்ளம் வெட்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தித் தாம் கீழே இறங்கி நிற்பது நம் நாட்டுப் பட்டறைகளில் நெடுநாளைய வழக்கம். மேல்நாட்டார் பெரும்பாலும் அதற்கு மாறாக வண்டியையே மேலே தூக்குவர். நீரழுத்தத்தைக் கொண்டு சிறு விசையாற் பெரும்பாரம் தூக்கும் யந்திரத்துக்கு 1795 ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் பிரமா என்னும் ஆங்கிலேயர். அதற்கும் முன்னரே பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் தத்துவத்தைக் கண்டு கூறியிருந்தமையை நம் கல்லூரிப் பௌதிக வகுப்பில் யாவரும் கேட்டிருப்போம். 1925 இல் மெம்பிஸ் நகரத்தவராகிய லுனாட்டி என்பவர், நாவிதர் கடை நாற்காலி எண்ணெயழுத்தத்தால் உயர்வதைக் கண்டு, அவ்வாறே மோட்டார் வண்டியையும் உயர்த்தலாமென்று எண்ணிச் செய்து காட்டினார் என்பர். நாவிதர் கடையில் அமர்ந்திருந்தோர் எத்தனையோ பேர். நாற்காலியைக் கண்டவர் அவர் ஒருவரே போலும்.

பட்டறைகளில் நாட்டும் கம்பங்கள் நெடியன. ஓரிடத்தில் நாட்டினால் அவ்விடத்திலேயே நிற்பன. வீட்டுக் கொட்டகையின் கூரையோ எட்டு அல்லது ஒன்பது அடியே உயரமுடையது. அங்கே வண்டி நிறுத்தவும் இடம் வேண்டும். ஆகவே, இல்லத்தார்க்கென்று குட்டையான கம்பங்கள் செய்து விற்கின்றனர். இரு கம்பங்களுக்கும் மேலேயோ கீழேயோ இணைப்பு யாதும் இல்லை. ஒவ்வொன்றும் தன் காலில் தானே நிற்கும். தரையிற் பதித்த எஃகுக் குழல்களில் மரையாணிகளை முறுக்கிக் கம்பத்தை நிறுத்துவர். வேலை முடிந்தபின் ஆணிகளைக் கழற்றி, கம்பத்தைச் சாய்த்து, அதன் அடியிலுள்ள சக்கரங்களால் உருட்டிச் சுவரோரம் சேர்த்துவிடலாம். எண்ணெயை அழுத்தும் பம்பு ஒரு சிறு தள்ளுவண்டியில் இருக்கும். வீட்டு மின்சாரமே அதற்குப் போதும். அவ்வெண்ணெயை இரு கம்பங்களுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டு அனுப்ப ஒரு சிறு கருவி உண்டு. அஃதின்றேல் வண்டியின் ஒரு பக்கம் உயர, மறுபக்கம் தங்கிவிடும். யாம் வாங்கியது 6,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,700 கிலோ பாரத்தை நான்கடி உயரம் தூக்கவல்லது. அதன்கீழ் நிமிர்ந்து நிற்க இயலாது. சக்கரம் வைத்த முக்காலியில் அமர்ந்து வேலை செய்தல் வேண்டும். ஐம்பது வயது கடந்தோர்க்கு, மல்லாந்து படுத்து ஊர்வதினும் அது மிக்க சுகமேயாகும்.

2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு லாரி அதனைக் கொண்டுவந்து எம் வாயிலில் இறக்கிச் சென்றது. கொட்டகையில் தம் அரிசி மூட்டைகளுக்கும் ஊறுகாய்ச் சாடிகளுக்கும் இனி இடம் யாதென்று எம் இல்லாள் வினவினர். தக்க விடை எம்மிடம் இல்லை. உண்மையை உரைக்குமிடத்து, அக்கருவியை எம் பழைய வண்டியின் பொருட்டு மட்டும் யாம் வாங்கவில்லை. எம் மகளின் திருமணத்துக்காகத் தம்பி அம்மாத இறுதியில் திண்டுக்கல்லிலிருந்து வரவிருந்தான். அவனுக்குக் காட்டவேண்டுமென்னும் ஆசையே பெரிதாயிருந்தது. அவன் பன்னிரண்டாம் வயது முதல் மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்பவன். இப்பொழுது சொந்தப் பட்டறை உடையவன். எம் கையிற் புத்தகமும் அவன் கையில் ஸ்பானருமாகவே எங்கள் காலம் கழிந்தது. அவனுடைய தொழிற்கருவி ஒன்றை அவன் அண்ணன் வீட்டிற் கண்டு அவன் வியக்க வேண்டுமென்று விரும்பினோம்.

அவன் வியக்கவில்லை. திருமணம் முடிந்த நான்காம் நாள் கொட்டகைக்குள் அழைத்துச் சென்று கம்பங்களைக் காட்டினோம். அவற்றை ஒருமுறை நோக்கினான், கைகளைத் தடவிப் பார்த்தான், நன்று என்றான். பிறகு எம் கருவிப்பெட்டியிலிருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு குந்தியமர்ந்து, தரையை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே சென்றான். இடக் கம்பம் நிற்கவேண்டிய இடத்திற் கல்லின் ஓசை எழுந்தது. வலக் கம்பத்தின் இடத்திலோ பானையின் ஓசை. எமக்கு முதலில் வேறுபாடு புலனாகவில்லை. இருமுறை தட்டிக் காட்டியபின்னரே புலனாயிற்று.

தரை நான்கங்குலக் காங்கிரீட் என்று வீட்டு ஆவணத்தில் எழுதியிருப்பதையும், கருவியின் குறிப்பேடும் நான்கங்குலமே போதுமென்பதையும் எடுத்துரைத்தோம். அவன் மறுத்துரைக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "அன்னைக்கும் ஜாக்கி நல்ல ஜாக்கிதான் அண்ணே, மண்ணுதான்" என்று மட்டும் கூறினான்.

அன்று என்பது எந்நாள் என்று அவன் விளக்க வேண்டியதில்லை. எம் தந்தையார் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அம்பாஸடர் டாக்சி ஒன்று வைத்து ஓட்டி வந்தார். 1983 ஆம் ஆண்டு, யாம் நம் கல்லூரியிற் சேர்ந்து சில மாதங்களே கழிந்திருந்தன. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வீட்டு வாயிலில் வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, தந்தையார் கீழே கையை நீட்டி ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். நனைந்த மண்ணில் ஜாக்கியின் அடி மெல்லப் புதைந்து சாய்ந்தது. தம்பி அருகில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். உயிர்ச்சேதம் இல்லை; ஆயினும் தந்தையாரின் வலக்கை அதன்பின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் தம்பி ஏழாம் வகுப்பை விட்டுப் பட்டறையிற் சேர்ந்தான். யார் படிப்பது, யார் விடுவது என்று வீட்டில் எவரும் வாய்விட்டுத் தீர்மானித்ததாக எமக்கு நினைவில்லை. யாம் விடுதியில் இருந்தோம். விடுமுறைக்கு வீடு சென்றபொழுது அவன் கைகளில் எண்ணெய்க்கறை இருந்தது. 1986 இல் பட்டம் பெற்றோம். அதைப்பற்றி அவனும் பேசியதில்லை, யாமும் பேசியதில்லை.

மாலையிலேயே சிறு துரப்பணத்தால் இரண்டிடத்தில் துளையிட்டு, நுனி வளைத்த கம்பியைச் செலுத்தி அளந்தோம். இடப்பக்கம் நான்கங்குலத்துக்குச் சற்று மிகுதியாகவே இருந்தது. வலப்பக்கம் இரண்டே முக்கால் அங்குலம். அதற்குக் கீழே விரற்கடை அளவு வெற்றிடம். வீடு கட்டியோர் நிரப்பிய மண்ணை நன்கு இடித்து இறுக்காமையால், காலப்போக்கில் மண் அமிழ்ந்து, தளம் மட்டும் அந்தரத்தில் நின்றிருக்கின்றது. பல ஆண்டுகளாக அதன்மேல் வண்டியை நிறுத்தி வந்தோம். ஒரு கீறலும் தோன்றியதில்லை. அதனாலேயே ஏமாந்தோம்.

வண்டி நிற்பது வேறு, கம்பம் நிற்பது வேறு என்பதை மாணவர் பொருட்டுச் சிறிது விரித்துக் கூறுவோம். நிற்கும் வண்டி தரையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது, அவ்வளவே. கம்பத்தின் கைகளோ உள்நோக்கி நீண்டு வண்டியைத் தாங்குவதால், இரு கம்பங்களும் ஒன்றையொன்று நோக்கிக் கவிழ முயலும். கவிழாமற் காப்பன, அடித்தகட்டின் வெளிப்புறத்து ஆணிகள். வண்டி 1,400 கிலோ எனக் கொண்டால், கம்பம் ஒன்றுக்கு 700 கிலோ. அப்பாரம் அடித்தகட்டின் உள்விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகின்றது. வெளிப்புற ஆணிகள் அதே விளிம்பிலிருந்து மறுபுறம் 40 சென்டிமீட்டரில் உள்ளன என்க. நெம்புகோல் விதிப்படி, அவ்வாணிகளை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 700 ஐ 60 ஆற் பெருக்கி 40 ஆல் வகுக்க, 1,050 கிலோ. ஆணி எஃகு, அது அறாது. அது பற்றியிருக்கும் காங்கிரீட்டே கூம்பு வடிவமாகப் பெயர்ந்து எழும். மெல்லிய தளத்தில் அக்கூம்பு சிறிது. அதன் பிடியும் சிறிது. இவ்வளவும் யாம் அறியாதன அல்ல. அறிந்திருந்தும் சுத்தியலை எடுத்துத் தட்ட எமக்குத் தோன்றவில்லை.

இரண்டிடத்தும் தளத்தை அறுத்தெடுத்துப் புதிதாக வார்ப்பதென்று தம்பி முடிவு செய்தான். இடப்பக்கம் நன்றாகத்தானே இருக்கின்றது என்றோம். ஒரு கால் கல்லிலும் ஒரு கால் வேறொன்றிலும் வேண்டாமென்றான். காங்கிரீட் அறுக்கும் வாள் ஒன்றை வாடகைக்குப் பெற்று, நீர் ஊற்றிக்கொண்டே நான்கடிச் சதுரம் இரண்டு அறுத்தோம். அத்தூளைச் சுவாசித்தல் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. முகமூடி இன்றி இவ்வேலையிற் புகுதல் கூடாது. தம்பி முகமூடியை முதலில் ஏற்கவில்லை. எம் இல்லாள் கண்டித்தபின் அணிந்துகொண்டான். ஓரடி ஆழம் தோண்டி, மண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்து, ஜல்லி பரப்பி மீண்டும் இடித்து, பழைய தளத்தின் விளிம்பில் துளையிட்டு முறுக்குக் கம்பிகளைச் செலுத்திப் பின்னினோம். அவ்வேலை முழுதும் அவனுடையதே. யாம் கம்பி பிடித்தோம்.

கணக்கிடும் பணி மட்டும் எம்மிடம் வந்தது. நான்கடிக்கு நான்கடி, ஓரடி ஆழமெனில் 16 கன அடி. 80 பவுண்டுக் கலவை மூட்டை ஒன்று 0.6 கன அடி தரும். ஆகவே குழி ஒன்றுக்கு 27 மூட்டை, இரண்டுக்கும் 54. ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோ! கடையிலிருந்து ஏற்றி இறக்கிய நாளை எம் முதுகு மறக்காது. ஜூன் 14 ஆம் நாள் வார்த்தோம். நீரை மிகுதியாக விட்டால் கலவை எளிதிற் பரவும். ஆனால் வலிமை குன்றும். யாம் ஊற்றப்போன வாளியை இருமுறை தம்பி தடுத்தான்.

வார்த்த காங்கிரீட் உலர்வதால் இறுகுவதன்று. நீரோடு கூடி நிகழும் இரசாயன மாற்றத்தால் இறுகுவது. ஆகவே நீர் வற்றாமற் காத்தல் வேண்டும். இந்நாட்டார் மெழுகுத்தாள் போன்றதொரு தாளால் மூடுவர். யாமும் வாங்கி வைத்திருந்தோம். தம்பி அதை ஒதுக்கிவிட்டு, தோட்டத்துக் களிமண்ணால் வரப்புக் கட்டிப் பாத்தியாக்கி, திண்டுக்கல்லில் மொட்டை மாடித் தளத்துக்குச் செய்வது போலவே நீர் தேக்கினான். நாள்தோறும் காலையும் மாலையும் காப்பிக் கோப்பையுடன் சென்று அதைப் பார்த்து வருவான். அடுத்த வீட்டு அமெரிக்க முதியவர், கொட்டகைக்குள் என்ன பயிரிடுகின்றீர்கள் என்று வினவினார். அன்று வீட்டிற் பெருஞ்சிரிப்பு.

அந்நாட்களில் எம் வண்டியையும் அவன் ஆராய்ந்தான். 1997 ஆம் ஆண்டு மாதிரி டொயோட்டா காம்ரி. யாம் 1999 இல் வாங்கியது. கைவிளக்குடன் குனிந்து, பின்புறத்து இடப்பக்கம் கம்பத்தின் கை தாங்கவேண்டிய இடத்தைத் திருப்புளியாற் குத்தினான். அப்பளம் போல் நொறுங்கிற்று. அவன் திகைத்து நின்றதை அப்பொழுதுதான் கண்டோம். பனி உருகுவதற்காக இங்குச் சாலைகளில் உப்புத் தூவுவதையும், அவ்வுப்பு வண்டியின் அடியை அரித்துவிடுவதையும் கூறினோம். "ரோட்டுக்கு உப்பா?" என்று மறுபடி மறுபடி கேட்டான். அண்ணன் தம்பிக்குக் கற்பித்தது அது ஒன்றே. அவ்விடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம்.

காங்கிரீட் தன் முழு வலிமைக்கு 28 நாள் பெறுதல் வேண்டுமென்பது பொது விதி. 28 ஆம் நாள் ஜூலை 12. தம்பியின் பயணச்சீட்டோ ஜூலை 8 க்கு. வார்க்கும்பொழுதே இருவரும் இதை அறிவோம், எவரும் சொல்லவில்லை. ஜூலை 7 ஆம் நாள் மாலை எமக்குப் பொறுக்கவில்லை. ஏழு நாளிலேயே மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்துவிடும். இருபத்து மூன்று நாளில் குறைவது மிகச் சிறிதே. தூக்கப்போவதோ கருவியின் அளவிற் பாதிப் பாரம். ஆகவே இன்றே குழல்களைப் பதித்து ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுவோம் என்று கணக்குகளை அடுக்கினோம். கணக்கிற் பிழையில்லை; இன்றும் அப்படியே கூறுவோம். அவன் பாத்தியில் நீர் விட்டுக்கொண்டிருந்தான். நிமிராமலே, "நான் பார்க்கணும்கிறதுக்காகத் தூக்க வேண்டாம் அண்ணே" என்றான்.

மறுநாள் விமான நிலையத்தில் விடைபெறும்பொழுது ஒரு காகிதத்தை எம் சட்டைப்பையிற் செருகினான். வீடு வந்து விரித்தோம். தச்சர் பென்சிலால் வரைந்த படம். இரு சதுரங்கள், அவற்றுள் கம்பிகள் எங்கெங்கே ஓடுகின்றன, ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம், துளையிடவேண்டிய பத்திடங்கள் எவை, எந்த ஆணியை எதன்பின் முறுக்குவது என்று யாவும் அளவோடு குறித்திருந்தான். ஒரு கோடும் அழிக்கப்பட்டிருக்கவில்லை. நம் கல்லூரியில் மூன்றாண்டு செய்முறை ஏடுகளில் யாம் வரைந்த படங்களை நினைத்துக்கொண்டோம். அவற்றிலொன்றும் இதற்கு நிகராகாது. அன்று மாலை கொட்டகையில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

ஜூலை 15 ஆம் நாள் துளையிட்டோம். பத்துத் துளைகளில் ஒன்றேனும் கம்பியைத் தொடவில்லை. துளைகளின் தூளை உறிஞ்சி, தூரிகையாற் சுத்தி செய்து, குழல்களைத் தரையோடு தரையாகப் பதித்து, கம்பங்களை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, குறிப்பேடு கூறிய விசையளவுக்கு ஆணிகளை முறுக்கினோம். தம்பி சொல்லியிருந்த வண்ணமே வண்டியை முதலில் ஒரு சாண் உயர்த்தி, நான்கு மூலைகளிலும் கை வைத்து அசைத்தோம். பிறகு எண்ணெயின் மேல் பாரத்தை விடாது, இரும்புப் பூட்டுகளின்மேல் அமரும்படி இறக்கி, அப்படியே ஓரிரவு விட்டோம். அவ்விரவு எமக்கு உறக்கம் குறைவு. விடியற்காலையிற் சென்று ஆணிகளை மீண்டும் அளந்தோம். ஒன்றும் தளரவில்லை.

காலை பத்து மணிக்கு நான்கடி உயரத்துக்குத் தூக்கிப் பூட்டிவிட்டு, முக்காலியில் அமர்ந்து வண்டியின்கீழ்ச் சென்றோம். உள்ளே சென்றபொழுது எம் தலை தானே குனிந்தது என்பதை ஒளிக்கவில்லை. கைத்தொலைபேசியில் தம்பியை அழைத்தோம். திண்டுக்கல்லில் இரவு ஏழரை மணி, பட்டறையைச் சாத்திக்கொண்டிருந்தான். உயர்ந்து நின்ற வண்டியைப் பெருமையோடு காட்டினோம். அதை விட்டு வலக் கம்பத்தின் அடியைக் காட்டச் சொன்னான். காட்டினோம். இன்னும் கிட்டே என்றான். தரையோடு தொலைபேசியை வைத்து, கம்பத்தைச் சுற்றி மெல்ல நகர்த்தினோம். ஒரு கீறலும் இல்லை. அவன் பேசாதிருந்தான், அவன் பின்னால் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடும் ஓசை கேட்டது.

பிறகு, "சரி அண்ணே. பின்னாடி வலது ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசியுது பாருங்க. ஜோடியா மாத்துங்க" என்றான். திரும்பி நோக்கினோம். கசிந்துதான் இருந்தது.